ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்த போர்வை

மாதா துணை

பள்ளிவாசல் அஞ்சல்
ஜனவரி 28

அன்பு மகள் ஜிஸ்மிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சிஜுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். மற்றபடி இந்த வீட்டில் ஒன்பது நாளாக யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினால் போதும், அப்பா உங்க குரல் விட்டு விட்டு வருது, அம்மாகிட்ட குடுங்க என்று உடனே சொல்லிவிடுவாய். கடிதம் விட்டு விட்டு வராது. நீ உட்கார்ந்து முழுக்க வாசித்துத்தான் ஆக வேண்டும். விஷயம் இதுதான். உன் தம்பி சிஜுவுக்கும் மாட்டுப்பட்டிப் பெண் ஜிபிக்கும் பிப்ரவரி ஏழாம் தேதி கோயிலில் சாமியார் முன்னால் மனசம்மதம் சொல்லிக் கல்யாணத்தை நிச்சயம் செய்வது என்று நாள் குறித்திருந்தோமே, அது நின்று போய்விட்டது. சாமியாரிடம் சொல்லி, சாப்பாட்டுக்கு ஆள் பேசி, எல்லாம் முடிந்த பிறகு நின்று போய்விட்டது. அதற்குக் காரணம் மூன்று. நீ அனுப்பிய பேனா, உன் அம்மாவின் கை, என் வாய். என் வாயைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே எழுதினால் காகிதம் கிழிந்துவிடும்.

முதலில் பேனா. நான் முப்பத்தோரு வருஷம் தேயிலை பாக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் என்பது உனக்கு மறந்துவிட்டதா என்று தெரியவில்லை. ரோலர் ஒரு நூலளவு தள்ளி ஓடினாலும் சத்தத்தை வைத்தே சொல்வேன். ரிட்டயர் ஆனபிறகு உன் அம்மா பஞ்சு வைத்த போர்வை தைக்க ஆரம்பித்தாள், மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட வேண்டும், தையல் கோணாமல் ஓட வேண்டும் என்றால் துணிமேல் முதலில் கோடு வேண்டும். கோடு போடுவது என் வேலை, அதன்மேல் தைப்பது அவள் வேலை என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அதற்கென்று தனியாக ஒரு சாமானும் நான் கடையில் வாங்கவில்லை. கறுப்புத் துணிக்குக் குளித்துத் தேய்ந்த வெள்ளைச் சோப்புச் சில்லு. மூன்று நாள் அடுப்புக்கு மேலே வைத்துக் காயவிட்டு ஓரத்தைப் பிளேடால் சீவினால் பென்சில் தோற்றுப்போகும். வெளிர் துணிக்கு டூத் பிரஷின் காம்பைக் கல்லில் தேய்த்து மழுங்கலாக விளிம்பு வைத்திருக்கிறேன், அழுத்தி இழுத்தால் சாயமே இல்லாமல் ஒரு தடம் மட்டும் விழும், தைத்த பிறகு அதுவும் இருக்காது. நேர்கோட்டுக்குக் காற்றில் ஒடிந்த குடையின் கம்பி, அதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. இரட்டைக் கோட்டுக்கு உன் பழைய சீப்பு, தேவையான இரண்டு பல்லை விட்டுவிட்டு மீதியை ஒடித்தேன், அதற்கு நீ லீவில் வந்தபோது ஒரு நாள் முழுக்கச் சிரித்தாய். வளைவுக்குச் சாப்பாட்டுத் தட்டும் டம்ளரும். பூ வேலைக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த என் நெஞ்சு எக்ஸ்ரே. நூல் கோக்காத தையல் மெஷினில் அதை ஓட்டிப் பூ மாதிரி ஓட்டை போட்டு, துணிமேல் விரித்து, பழைய சாக்ஸில் முகப்பவுடரைக் கட்டித் தட்டினால் ஓட்டை வழியாகப் பொடி இறங்கிப் புள்ளி புள்ளியாகப் பூ நிற்கும். வேலை முடிந்ததும் ஒரு உதறு உதறினால் போய்விடும். போக வேண்டியது போக வேண்டும், நிற்க வேண்டியது நிற்க வேண்டும், கோடு போடுகிறவனுக்கு அந்த ஒரு பொறுப்புத்தான்.

நீ என்ன செய்தாய். உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் பெண் லீவில் வந்தபோது பன்னிரண்டு பேனாவைக் கொடுத்துவிட்டாய். கூடவே அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அப்பாவோட சோப்புத் துண்டு, குடைக்கம்பி, அந்த எக்ஸ்ரே எல்லாத்தையும் தூக்கிப் போடும்மா, இதுல கோடு போட்டுத் தச்சுட்டு இஸ்திரி போட்டா இருந்த எடம் தெரியாமப் போயிரும் என்று நீ சொன்னதை அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள், பக்கத்து அறையில் நானும் கேட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அந்தச் சாமானெல்லாம் இருக்கிற என் பெட்டியை நானே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பாக்டரியில் கூட எனக்கு மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள். இருக்கட்டும், அது என் வருத்தம். ஆனால் அந்தப் பேனா வந்த அட்டையின் பின்னால் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, புரியாமல் சிஜுவிடம் கேட்டேன். ரொம்பக் குளிர் பட்டால் அழிந்த எழுத்து திரும்ப வரும் என்று போட்டிருக்கிறதாம். நீ இங்கிலீஷில் பரீட்சை எழுதிப் பாஸாகி அயர்லாந்து போனவள். குளிர்காலத்தில் புல்லெல்லாம் வெள்ளையாகிற ஊருக்கு ஒரு சாமான் அனுப்புகிறோமே என்று அந்த ஒரு வரியை வாசிக்க உனக்கு நேரம் இல்லை.

அடுத்தது உன் அம்மாவின் கை. ஜிபிக்கு மனசம்மதத்துக்கு முன்னால் ஒரு போர்வை கொடுக்க வேண்டும் என்று அவள் நவம்பரில் இருந்தே உட்கார்ந்து தைத்தாள். நாற்பத்தொன்பது கட்டம், ஒவ்வொன்றும் ஒரு சாண். முன்பெல்லாம் ஒரு கட்டம் தைத்து முடிக்கிற வரை வாய்க்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருப்பாள், அது அவள் வழக்கம், உனக்குத் தெரியும். நான் சோப்பில் கோடு போட்டுக் கொடுத்த காலத்தில் அந்த ஜெபம் வாயோடு நின்றது. இந்தப் பேனா கைக்கு வந்ததும் அவளுக்கு ஒரு புது யோசனை. எப்படியும் இஸ்திரி போட்டால் போகப் போகிறதே, ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்காக என்ன கேட்கிறாளோ அதை எழுதிவிட்டே தைக்கலாம் என்று. எழுதினாள். நாற்பத்தொன்பது கட்டத்திலும் எழுதினாள். சிஜு ஜீப்பை மெதுவாக ஓட்ட வேண்டும், ஜிபிக்கு முதல் பிரசவம் சுகமாக ஆக வேண்டும், தன் முட்டி வலி நிற்க வேண்டும், என் கோபம் குறைய வேண்டும், இப்படி. நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை, வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். போயிருந்தால் வாசித்திருப்பேன். முடிந்ததும் இஸ்திரி போட்டாள், எல்லாம் மறைந்தது, போர்வை பளிச்சென்று இருந்தது. பாருங்க, உங்க சோப்பு இப்பிடிப் போகுமா என்று என்னிடமே கொண்டு வந்து காட்டினாள். பதினோராம் தேதி ஞாயிறு மாட்டுப்பட்டிக்குப் போய்ப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த அம்மாள் தடவிப் பார்த்துவிட்டு, கையி நல்ல கையி என்றார்கள். உன் அம்மா வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த அம்மாள் அணைக்குப் போகிற ரோட்டில் டூரிஸ்ட்டுகளுக்கு ஐஸ்கிரீம் விற்கிறவர்கள், உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெண்ணின் அப்பா ஆனந்தகுமாருக்கு மாட்டுப் பண்ணையில் வேலை. ஜனவரிக் குளிரில் யார் ஐஸ்கிரீம் தின்பார்கள், அந்த உறைபெட்டி பாதி காலியாகத்தான் கிடக்குமாம். வெளியிலிருந்து எந்தத் துணி வந்தாலும், புதுசோ பழசோ, பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் அந்தப் பெட்டியில் வைப்பது அவர்கள் பழக்கம். மூட்டைப்பூச்சி செத்துவிடுமாம். நம் வீட்டில் இருந்து போன போர்வைக்கு மூட்டைப்பூச்சி வைத்தியம். உன் அம்மா துணியை வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டு, பிறகுதான் வெட்டுகிறவள். இதைக் கேட்டபோதே எனக்குச் சுர்ரென்று ஏறியது, ஆனால் ஏறுவதற்கு இன்னும் பெரிய விஷயம் பாக்கி இருந்தது. பெட்டியில் இருந்து எடுத்து விரித்தால் நாற்பத்தொன்பது கட்டத்திலும் நீல எழுத்து. உன் அம்மாவின் கையெழுத்து எவ்வளவு தெளிவு என்று உனக்கே தெரியும். வயசான கண்ணுக்கும் கண்ணாடி வேண்டாம்.

பத்தொன்பதாம் தேதி, மறுநாள் செபஸ்தியார் திருநாள் என்று நான் சப்பரத்துக்குச் சக்கரம் சரி பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனந்தகுமார் சிஜுவுக்குப் போன் போட்டு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க என்றார். அம்மாவை வரச் சொல்லவில்லை. போனோம். கட்டிலில் போர்வையை விரித்து வைத்திருந்தார்கள், கால்மாட்டுப் பக்கம் மட்டும் மடித்திருந்தது. ஜிபி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, அழுத கண். ஆனந்தகுமார் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். நான் குனிந்து வாசித்தேன். ஜிஸ்மி டின்டுவை விட்டுப் பிரிந்து பதினாலு மாதம், தனியாக இருக்கிறாள், மாதாவே அவள் கூட இரும். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை எழுத்து கூடவில்லை. டின்டு, நான் பார்த்து, நான் விசாரித்து, அடிமாலிக்கு நாலு நடை நடந்து, நான் கட்டிவைத்த டின்டு. கிறிஸ்துமஸுக்கு அவனைக் கேட்டேன், டூட்டிக்குப் போயிருக்கிறார் என்றாயே. போன ஈஸ்டருக்கும் டூட்டி. அந்த மனிதன் பதினாலு மாதமாக ஒரே டூட்டியில் இருக்கிறான் என்று நானும் நம்பிக்கொண்டு, கஷ்டப்படுகிற பையன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆனந்தகுமார் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, பிரிஞ்சு இருக்குறது ஒரு குத்தமில்ல, யாரு வீட்டுலதான் இல்ல, ஆனா நாங்க கேட்டப்ப மகளும் மருமகனும் அங்க சொகமா இருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க, மறைச்சுட்டீங்களேன்னுதான் எங்களுக்கு மனசு வலிக்குது என்றார். அவர் மனைவி, ஒங்களுக்கு இது தெரியுமா தெரியாதாண்ணே என்று நேராகக் கேட்டார்கள். இப்போது என் வாய்க்கு வருகிறேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது உண்மை. அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்று ஒரு டீயைக் கொடுத்துவிட்டு, மனசம்மதத்தை அதே தேதியில் வைத்திருப்பார்கள். என்னால் முடியவில்லை. என் மகள் வாழ்க்கையில் பதினாலு மாதமாக என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, எனக்கு ஒரு போர்வைதான் சொன்னது என்று அந்த நாலு பேர் முன்னால் சொல்ல என் நாக்கு வளையவில்லை. தெரியும் என்றேன். எனக்கு முதலில் இருந்தே தெரியும், என்னிடம்தான் முதலில் சொன்னாள், வெளியே சொல்ல வேண்டாம் என்று நான்தான் எல்லார் வாயையும் அடைத்தேன் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னேன். ஆனந்தகுமார் தரையைப் பார்த்தார். அவர் மனைவியும் தரையைத்தான் பார்த்தார்கள். சிஜு என் கையைப் பிடித்தான், நான் உதறிவிட்டேன். ஆனந்தகுமார், ஈஸ்டர் கழியட்டும்ணே, பெறகு பார்க்கலாம் என்று போர்வையை மடித்து என் மடியில் வைத்தார். ஈஸ்டர் கழியட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்.

ஏன் அப்படித் தரையைப் பார்த்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து நான் அந்தப் போர்வையை முழுக்க விரித்தபோதுதான் தெரிந்தது. கால்மாட்டுப் பக்கம் மடித்திருந்தார்கள் என்றேனே, அங்கே உன் அம்மா என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாள், ஜிஸ்மி விஷயம் பாஸ்கலுக்குத் தெரிய வேண்டாம் ஆண்டவரே, அவர் தாங்க மாட்டார். அவர்கள் அதை முன்பே வாசித்திருக்கிறார்கள். நான் பார்த்தால் சங்கடப்படுவேன் என்று மடித்து மறைத்திருக்கிறார்கள். அவ்வளவு மரியாதை காட்டியவர்கள் முகத்துக்கு நேரே நான் பொய் சொல்லியிருக்கிறேன். மறுநாள் ஆனந்தகுமார் சிஜுவிடம் சொன்னாராம், ஒங்க அக்கா விஷயம் எங்களுக்கு ஒண்ணுமேயில்லப்பா, ஒங்கப்பா கூசாமப் பொய் சொல்றாரே, அந்த வீட்டுக்குப் பொண்ணை எப்பிடி அனுப்புறதுன்னுதான் யோசனையா இருக்கு என்று. நாற்பத்தொன்பது கட்டத்துக்கும் சேர்த்து நீயும் உன் அம்மாவும் மறைத்தீர்கள், பொய்யன் என்று பெயர் வாங்கினது நான். சிஜு அன்றைக்கு முதல் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஜீப்பை வெளியே நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்து ஜிபியிடம் போன் பேசுகிறான், அந்தப் பெண் இன்னும் பேசுகிறதே, அதுவரை புண்ணியம்.

உன் அம்மாவை நான் சும்மா விடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். பதினாலு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு எப்படி உன்னால் முடிந்தது என்று கேட்டேன். அவள் முதலில் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்து மறுபடி தேய்க்கப் போனாள், எல்லாம் சரியாயிரும் என்று. நான் பெட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன், சாவி என்னிடம் இருக்கிறது. இந்த வீட்டில் இனி எதையும் தேய்த்து மறைக்க வேண்டாம் என்றேன். அப்போதுதான் அவள் திரும்பி, நாற்பது வருஷத்தில் என்னிடம் பேசாத ஒரு குரலில் பேசினாள். அவ ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்ல வந்தா, கல்யாணத்துக்கு முந்தின நாளு சாயந்தரம் வந்தா, நீங்க கேட்டீங்களா என்றாள். நான் எதை என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எதை என்று கேட்டேனே தவிர, எனக்கு அது கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் கல்யாணப் போர்வைக்கு நான் தரையில் மண்டி போட்டுப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே விரித்தபடி, கையில் பவுடர் சாக்ஸ். நீ வந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பா, எனக்கு இது வேண்டாம்னு தோணுது, பயமாயிருக்கு என்றாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், பாக்டரிச் சத்தத்திலேயே கேட்ட காது. பந்தல் போட்டாகிவிட்டது, அடிமாலியில் இருந்து அவர்கள் புறப்படப் போகிறார்கள், நான் பார்த்த பையனை என் மகள் வேண்டாம் என்று சொன்னால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. துணியை ஆட்டாதே, பொடி கலைந்துவிடும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ கையை எடுத்துவிட்டுப் போய்விட்டாய். நானும் பூவை முடித்தேன், ஒரு புள்ளி கூடக் கலையவில்லை. நாலு வருஷமாக அதை நான் நினைத்ததே இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்லலாம், உன்னிடம் சொல்ல முடியாது. முதல் வருஷம் ஒவ்வொரு முறை நீ போனில் சிரிக்கும்போதும் நினைத்தேன், பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, பெண் பிள்ளைகளுக்கு முந்தின நாள் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே. அவனை விட்டு வந்ததற்கு உன்மேல் கோபம் இல்லை, அதை முதலில் தெளிவாக எழுதிவிடுகிறேன். அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீ காரணம் இல்லாமல் ஒரு குண்டூசியைக் கூட இடம் மாற்றுகிறவள் இல்லை. என் கோபமெல்லாம், அப்பா தாங்க மாட்டார் என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தீர்களே, அதில்தான். நான் என்ன செய்திருப்பேன். கத்தியிருப்பேன். தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாவது நாள் அடிமாலிக்குப் போய் அவன் அப்பனிடம் நியாயம் கேட்டிருப்பேன், அங்கிருந்தே உனக்குப் போன் போட்டு, நீ அங்கேயே இருக்கிறாயா இங்கே வருகிறாயா, எதுவானாலும் அப்பா இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அந்த மூன்றாவது நாளுக்கு நீங்கள் எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. பதினாலு மாதம் அந்த ஊரில் நீ தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ராத்திரி டூட்டி முடிந்து தனியாகப் பூட்டைத் திறந்திருக்கிறாய், அந்தப் பதினாலு மாதமும் இங்கே ஒரு மனிதன் மூச்சோடு உட்கார்ந்து சும்மா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரை என்று கேட்காதே.

சிஜு என்ன சொல்கிறான் என்றால், மாட்டுப்பட்டிக்கு நீங்களே போயி, எனக்குத் தெரியாது, அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க, எல்லாம் முடிஞ்சிரும் என்கிறான். அவன் சொல்வது சரிதான். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணக் காரியம் ஒன்றும் நடக்காது, அதற்கு மூன்று வாரம்கூட இல்லை. ஆனால் இரண்டு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன், இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் மகள் என்னிடம் சொல்லவில்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

வீட்டுச் சமாசாரம் வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. ஒற்றை யானை போன வாரம் ரேஷன் கடைக் கதவைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. குழாயில் காலை எட்டு மணிக்குத்தான் தண்ணீர் வருகிறது. அம்மாவுக்கு இடது முட்டி வீக்கம் குறைந்திருக்கிறது, அவளிடம் கோபமாக ஒன்றும் கேட்டுவிடாதே, கேட்க வேண்டியதை நான் கேட்டாகிவிட்டது. நீ தனியாக இருக்கிற வீட்டில் கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள் போடு, வாடகை வீடானாலும் பரவாயில்லை, கேட்டால் உன் அப்பா ஃபிட்டர் என்று சொல். டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றில் போகாதே. கிறிஸ்துமஸ் போட்டோவில் கழுத்தெலும்பு தெரிந்தது, குளிர் சட்டையின் வெட்டு அப்படி என்று அம்மா சமாளித்தாள், அதையும் நம்பியவன் நான்தான்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. நம் வீட்டுக்குள் என் போனுக்குச் சிக்னல் கிடையாது, அதனால்தான் எல்லாம் அம்மாவின் போனிலேயே பேசி முடிகிறது. மேலே சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, உனக்குக் காலை ஒன்பதரை, நான் அங்கே நிற்பேன். அம்மாவைக் கூட்டி வர மாட்டேன். என் நம்பருக்குக் கூப்பிட்டு, நடந்ததை முதலில் இருந்து நீயே உன் வாயால் சொல். நான் கத்தினால் கத்திவிட்டுப் போகிறேன், நீ போனை வைத்துவிடாதே. தெரியும் என்று மாட்டுப்பட்டியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீ சொன்ன பிறகு அவர்களிடம் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்குப் பத்து நாளிலும் வரலாம், ஒரு மாதமும் ஆகலாம் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள். அதனால் நான் வருகிற ஞாயிற்றில் இருந்தே போய் நிற்கிறேன்.

உன் அப்பா
பாஸ்கல்